கட்டுக்கரைக் குளமும் மண்சாய்வின் மூன்றாம் பரிமாணமும்: மன்னார்ப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலத்தின் ஊர்ப்பெயர்களைத் தொகுத்து நோக்குவோர்க்கு ஒரு சொல் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். 'முறிப்பு' என்பதே அச்சொல். மன்னார் மாவட்டத்து முசலிப் பகுதியில் அகத்திமுறிப்பு உண்டு. முல்லைத்தீவுப் பக்கத்தில் தண்ணிமுறிப்பு உண்டு. அடைமொழி எதுவுமின்றி முறிப்பு என்றே வழங்கும் இடமும் உண்டு. குளக்கட்டு முறிந்த இடம் முறிப்பாகும். குளத்தைக் கட்டுவித்த அரசன் பெயரை வரலாற்று ஏடுகள் குறித்துவைத்தன. அது முறிந்த இடத்தைக் குறித்துவைக்கும் அக்கறை ஏடெழுதியோர்க்கு இருக்கவில்லை. அதனை அவ்விடத்து மக்களே தம் வழக்கிற் காத்துவந்துள்ளனர்.

இப்பெயர்களில் நம் கவனத்தை ஈர்ப்பது ஓர் எளிய உண்மை. குளக்கட்டு முழுவதும் ஒருங்கே முறிவதில்லை; ஓரிடத்தில் முறிகிறது. மைல் கணக்கில் நீளும் கட்டிலே சில பாகம் அகலமான ஒரு வாய் திறந்துகொள்ள, எஞ்சிய பகுதி அப்படியே நின்றுவிடுகிறது. வயற்காரன் எவனும் அறிந்த இவ்வுண்மையை மண்சாய்வுகளின் உறுதியைக் கணிக்கும் விஞ்ஞானம் தன் கணிதத்துள் ஏற்பதற்கு 1970கள் வரை செல்லவேண்டியிருந்தது. இவ்விரு வரலாறுகளையும், அதாவது மன்னார்க் கரையின் மண்கட்டுகளின் வரலாற்றையும் மண்சாய்வுக் கணிப்பு முறைகளின் வரலாற்றையும், ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொறியியல் துறை சாராத வாசகரையும் மனங்கொண்டே எழுதுகின்றோமாதலின் சமன்பாடுகளைத் தவிர்த்துள்ளோம்.

மன்னார் நகருக்குத் தென்கிழக்கே, பெருநிலப் பகுதியில், முருங்கனை அண்டிக் கிடப்பது கட்டுக்கரைக் குளம். ஆங்கிலேயர் இதனை 'இராட்சதர் குளம்' எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். சிங்களத்தில் யோத வெவ என வழங்கும். அருவியாற்றை (மல்வத்து ஓயா எனச் சிங்கள வழக்கில் அறியப்படுவதும் இதுவே) தேக்கம் என்னும் இடத்திற் கல்லணையால் மறித்து, அங்கிருந்து கால்வாய் வழியே நீரைக் கொணர்ந்து தேக்கும் அமைப்பு இது. 5ஆம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த தாதுசேனனே இதனைக் கட்டினான் என்பது மரபு. எனினும் குளத்துப் பகுதியின் குடியிருப்பு வரலாறு ஓர் அரசன் பெயருள் அடங்குவதன்று. அண்மைக் காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் கட்டுக்கரையில் நடைபெற்ற அகழ்வாய்வு, அப்பகுதியிற் பழங்காலக் குடியிருப்பும் சுடுமண் உருவங்களோடு கூடிய வழிபாட்டு மரபும் நிலவியமைக்குச் சான்றுகளை வெளிக்கொணர்ந்தது. மாந்தைத் துறைமுகத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடைப்பட்ட வழியிலே அமைந்த இந்நிலத்தில், துறைமுகத்து வணிகரும் கப்பலோட்டிகளும் உண்ட சோற்றுக்கு நெல் விளைந்த வயல்கள் எவ்வளவு முக்கியமானவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கட்டுக்கரையின் கட்டு நீளம் மிக்கது, உயரம் குறைந்தது. ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளத்துக்கு, 4 மீற்றர் அளவான உயரத்தில் அது செல்கிறது. பள்ளத்தாக்கை மறித்து எழும் அணை போன்றதன்று. தட்டையான கரையோரச் சமவெளியில் மேடு பள்ளங்களை அனுசரித்து வளைந்தும் நெளிந்தும் போகும் மண்வரம்பு அது. இவ்வடிவமே பின்னர் பெருஞ்சர்ச்சைக்கு இடமளித்தது.

இலங்கைக் குடியேற்ற அரசின் செயலாளராயிருந்த எமர்சன் தெனந்து 1859இல் வெளியிட்ட தம் பெருநூலில், இக்குளம் கட்டப்பட்டதேயன்றிப் பயன்படவில்லை எனவும், மட்டம் பார்த்ததிலே பண்டையோர் இழைத்த பிழையால் ஆற்றுநீர் குளத்தை அடையவில்லை எனவும் கருத்துத் தெரிவித்தார். இக்கருத்துப் பல காலம் ஏற்கப்பட்டு வந்தது. பின்னர், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் முதலியோர் களத்தில் அளவெடுத்து ஆராய்ந்தபோது பண்டையோர் மட்டம் பிழைபடவில்லை என்பது தெளிவாயிற்று. குளத்தின்கீழ் வயல் விளைந்தமைக்கான தடயங்களும் இருந்தன. பிழை பார்த்தவர் மட்டத்திலேயே இருந்தது! சுதேசிகளின் தொழில்நுட்பம் பற்றி மேலிருந்து வழங்கப்பட்ட தீர்ப்புகளிற் பல இவ்வாறே களத்தில் இறங்கியதும் கலைந்துபோயின. பாக்கர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் ஆதிகால நீர்ப்பாசன வேலைகளுக்குத் தனி இடம் அளித்ததும், குளக்கட்டுக்குள் அமைந்த 'பிசோ கொட்டுவ' என்னும் நீர்க்கட்டுப்பாட்டுக் கிணற்றமைப்பை வியந்து விளக்கியதும் அறிஞர் அறிந்தவை. குளமும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையான காலத்திற் புனரமைக்கப்பட்டுப் பயிர்ச்செய்கைக்கு மீண்டும் வந்தது.

இனி மறுபக்க வரலாற்றுக்கு வருவோம்.

மண்சாய்வு ஏன் சரிகிறது என்ற வினாவுக்கு முதலில் முறையான விடை தந்தவர் பிரெஞ்சுப் படைப்பொறியியலாளர் குலோம். 1773இல் அவர் சமர்ப்பித்த ஆய்வுரையில், மண்ணின் எதிர்ப்பு இருவகைப்படும் என்றார். ஒன்று துகள்களின் பிணைவு. மற்றையது சுமைக்கேற்ப வளரும் உராய்வு. சரிவு ஒரு நேர்தளத்தில் நிகழும் என அவர் கொண்டார். 1846இல் அலெக்சாந்திர் கொலின் என்னும் மற்றொரு பிரெஞ்சுப் பொறியியலாளர், கால்வாய்க் கரைகளின் களிமண் சரிவுகளை நேரில் அளந்து, சறுக்குப் பரப்பு நேரானதன்று, வளைந்தது எனக் காட்டினார். அவருடைய நூல் எழுபது ஆண்டுகளுக்கு மேல் மறதியிற் கிடந்தது. சுவீடனின் கோதன்பேர்க் துறைமுகத்தில் 1916இல் ஒரு கப்பற்றுறை மேடை சரிந்ததும் அவ்வினா மீண்டும் எழுந்தது. அந்நாட்டுப் புகையிரதத் துறை நியமித்த மண்ணியல் ஆணைக்குழு 1922இல் அறிக்கை தந்தது. பெலேனியஸ் சறுக்குப் பரப்பை வட்டவில்லாகக் கொண்டு, சரியும் மண்ணைக் கீலங்கீலமாக வகுத்துக் கணிக்கும் முறையை வகுத்தார். 1925இல் தெர்சாகி வெளியிட்ட நூல், மண்டுளைகளில் நிறைந்த நீரின் அமுக்கம் எவ்வாறு உராய்வைக் குறைக்கிறது என்பதை விளக்கி இத்துறையை நிலைநாட்டியது. 1955இல் இலண்டனைச் சேர்ந்த பிஷப் கீல முறையைத் திருத்தி அமைத்தார். இன்றும் சாதாரண குளக்கட்டொன்றின் உறுதியைக் கணிக்கும் அலுவலகங்களில் பிஷப்பின் முறையே பெருவழக்கு.

இம்முறைகள் அனைத்துக்கும் பொதுவான எடுகோள் ஒன்றுண்டு. கட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தோன்றும் முகமே கணிப்புக்கு உரியது. அம்முகம் இருமருங்கும் முடிவின்றி அவ்வாறே தொடர்கிறது என்பதே அவ்வெடுகோள். தாளில் வரைவதற்கு உகந்தது, கையாற் கணிப்பதற்கு எளியது. ஆயின் முடிவற்ற நீளமுடைய சரிவு உலகில் எங்கும் நிகழ்ந்ததில்லை. சரியும் மண்ணுக்கு இரண்டு பக்க எல்லைகள் உண்டு. அவ்வெல்லைகளிலும் மண் மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கிறது. இப்பற்று இருபரிமாணக் கணக்கிற் சேர்வதில்லை.

இதன் அளவை ஓர் எளிய எடுத்துக்காட்டால் உணரலாம். சறுக்குப் பரப்பின் குறுக்குமுகம் அரைவட்டம் எனவும், சரியும் திணிவின் இருபக்க முகங்களும் நிலைக்குத்தானவை எனவும், மண்ணின் எதிர்ப்பு முழுவதும் எங்கும் ஒரே அளவான பிணைவால் ஆனது எனவும் கொள்வோம். வளைந்த அடிப்பரப்பு தரும் எதிர்ப்புத் திருப்பத்தோடு இருபக்க முகங்கள் தருவதைக் கூட்டினால், மேலதிகமாகக் கிடைப்பது ஆரையைச் சரிவின் நீளத்தால் வகுத்து வருவதில் மூன்றில் இருபங்கு ஆகும். சரிவின் நீளம் ஆரையின் இருமடங்கு எனில் காப்புக் காரணி மூன்றில் ஒரு பங்கு கூடும். நான்கு மடங்கு எனில் ஏறத்தாழ 17 வீதம் கூடும். பத்து மடங்கு எனில் 7 வீதமே கூடும். கட்டுக்கரை போன்ற உயரங்குறைந்த கட்டில் ஆரை 5 மீற்றர் எனக் கொண்டால், நான்கு மடங்கு என்பது 20 மீற்றர். 7 கிலோமீற்றர்க் கட்டின் 350இல் ஒரு பங்கு அது. முறிப்பு என்னும் ஊர்ப்பெயர் சுட்டும் நிகழ்ச்சியின் கணித வடிவம் இதுவே.

பக்க விளைவைக் கணக்கிற் சேர்க்கும் முயற்சிகள் 1970களில் வலுப்பெற்றன. 1975இல் பலிக், அஸ்ஸூஸ் ஆகிய இருவரும் களிச்சாய்வுகளின் முனை விளைவுகளை ஆராய்ந்தனர். 1977இல் ஹொவ்லன்ட், கீலங்களுக்குப் பதிலாக மண்ணை நிரல்நிரலான தூண்களாக வகுக்கும் முப்பரிமாண முறையை முன்வைத்தார். சிலவகை மண்ணிற் முப்பரிமாணக் காரணி இருபரிமாணக் காரணியிலும் குறையக்கூடும் என்று அவர் கண்ட முடிவு நீண்ட விவாதத்தைக் கிளப்பியது. மிக நலிந்த குறுக்குமுகத்தோடு ஒப்பிடுமிடத்து முப்பரிமாணக் காரணி ஒருபோதும் குறையாது என 1987இல் கவூனிடிஸ் வாதிட்டார். அதே ஆண்டில் ஹங்கர், பிஷப்பின் முறையை மூன்று பரிமாணங்களுக்கு விரித்தார். கணனியின் வருகைக்குப் பின் மண்திணிவு முழுவதையும் சிறுசிறு மூலகங்களாகப் பகுத்துக் கணிப்பதும் இயல்வதாயிற்று.

அப்படியாயின் இருபரிமாண முறை பாதுகாப்பான பக்கமே தவறுகிறது. அது நிலைக்க நாம் ஏன் கவலைகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். புதிய கட்டொன்றை அமைக்கும்போது இக்கூற்றில் உண்மை உண்டு. பழைய முறிவொன்றிலிருந்து மண்ணின் வலுவைப் பின்னோக்கிக் கணிக்கும்போதோ நிலைமை தலைகீழாகிறது. ஒரு கட்டு சரிந்த கணத்தில் அதன் காப்புக் காரணி ஒன்று எனக் கொண்டு, மண்ணின் வலு எவ்வளவாயிருந்திருக்கும் என அறிவது பொறியியலாளர் வழக்கம். மேற்காட்டிய 20 மீற்றர்ச் சரிவை எடுத்துக்கொள்வோம். அச்சரிவை உண்மையில் தடுத்துநின்றது அடிப்பரப்பும் இருபக்கங்களுமாகும். பக்கங்களை மறந்து கணிப்பவர் அவற்றின் பங்கையும் அடிப்பரப்பின் கணக்கில் ஏற்றிவிடுகிறார். மண் உள்ளதிலும் 17 வீதம் வலியது என்ற முடிவு அவருக்குக் கிடைக்கிறது. அந்த வலுவை நம்பி நெடுந்தூரத்துக்குக் கட்டு எழுப்பினால் விளைவு யாதாகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. குறுக்குமுகம் என்னும் எடுகோள் புதுக்கட்டுக்குக் காவல்; பழைய முறிவை வாசிப்பவர்க்கு அது பொறி. பழைய கட்டுகளே மிகுந்த நம் நாட்டில் இவ்வேறுபாடு ஏட்டுக்குரியதன்று.

மன்னார் நிலத்தின் மண்ணும் இப்பிரச்சினைக்குத் தனித்தன்மை சேர்க்கிறது. முருங்கன் சுற்றாடலிற் காணப்படுவது குறுமுசொல் எனப்படும் கருங்களிவகை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒருகாலத்திற் களி சென்றது முருங்கனிலிருந்தே. மாரியில் நீருண்டு வீங்குவதும் கோடையில் உலர்ந்து ஆழமாக வெடிப்பதும் இம்மண்ணின் இயல்பு. பண்டை நாளில் கட்டுக்கு மண் தொலைவிலிருந்து வருவதில்லை. கட்டின் அண்டையிலேயே வெட்டப்பட்டது. ஆதலின் இக்குணமும் கட்டோடு சேர்ந்தே வரும் எனக் கருத இடமுண்டு.

கட்டில் விழும் வெடிப்பு இருவகைப்படும். கட்டின் நீளத்துக்குச் சமாந்தரமாக ஓடுவது ஒன்று. கட்டைக் குறுக்கறுத்து, குளப்பக்கத்திலிருந்து வயற்பக்கம் நோக்கிச் செல்வது மற்றொன்று. முன்னையதைக் குறுக்குவெட்டுமுகத்தில் ஒரு கோடாக வரைந்து கணக்கிற் சேர்க்கலாம்; சேர்த்தும் வருகின்றனர். பின்னையதை வரைய இயலாது. அது வெட்டுமுகத்தின் தளத்திலேயே கிடப்பது. வரைபவரின் தாளே அவ்வெடிப்பாகும். ஆயினும் இரண்டிலும் கொடியது அதுவே. கோடை முடிந்து ஐப்பசி, கார்த்திகையில் முதல் வெள்ளம் குளத்துள் ஏறும்போது, நீர் கட்டைக் கடப்பதற்கு ஆயத்தமான வழி அதுவாகிறது. கசிவு மண்டுகளைக் கொண்டுசெல்லும், குடைவு பெருகும், மேல்மண் தாழும். நாம் சரிவு என எண்ணுவது இக்கட்டத்திற் குடைவின் பின்விளைவேயாகும். கட்டின் இருமருங்கையும் ஏறி இறங்கி நடந்து பார்ப்பவர்க்கன்றி, ஒரு முகத்தை வரைந்து கணிப்பவர்க்கு இது புலப்படுவதில்லை.

இவ்வாறே துருசு அமைந்த இடமும், வான் தொடங்கும் இடமும், கட்டு மேட்டு நிலத்தோடு பொருந்தும் இடமும், முன்னர் முறிந்து மீள அடைக்கப்பட்ட இடமும் குறுக்குமுகத்துக்குள் அடங்காதவை. அடைக்கப்பட்ட முறிவு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. காலத்தால் இறுகிய பழைய மண்ணும் அவசரத்திற் கொட்டிய புதுமண்ணும் அங்கே நிலைக்குத்தான ஒரு பொருத்தில் சந்திக்கின்றன. இரண்டும் வெவ்வேறு அளவில் அமிழும், பொருத்து விரியும். முறிந்த இடத்திலே மீண்டும் முறியும் என முதியோர் சொல்வதற்கு இயற்பியற் காரணம் இதுவாகும்.

1986 ஏப்பிரல் 20 அதிகாலையில் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்தது. நாலு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமும் 15 மீற்றர் அளவு உயரமுமுடைய அக்கட்டில், உடைந்தது ஒரு பகுதி மட்டுமே. உறங்கிக்கொண்டிருந்த 120க்கும் மேற்பட்ட மக்களின் உயிரை அப்பகுதி குடித்தது. பிற இடங்களில் கட்டு உறுதியாக நின்றமை இறந்தோர்க்கு எவ்வகையிலும் துணையாகவில்லை. சராசரி உறுதி என்ற சொல் கட்டுகளைப் பொறுத்தவரை பொருளற்றது. 1957 திசம்பர் வெள்ளத்தில் உலர்வலயத்தின் எத்தனையோ குளங்கள் உடைந்தபோதும் நிகழ்ந்தது இதுவே.

கட்டின் உறுதியோடு அது தரைப்படத்தில் வளையும் விதமும் தொடர்புடையது. உள்வளைந்த சாய்வில் மண் பக்கவாட்டில் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும். வெளிவளைந்த மூக்குப் பகுதியில் அத்தாங்கல் இல்லை. கடலோர மேடுகளில் இதனை நன்கு காணலாம். அருவியாற்றின் கழிமுகத்தை அடுத்த அரிப்பு என்னும் ஊரில், பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கெனத் தமக்கொரு மாளிகையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டுவித்தார். கிரேக்கப் பாணித் தூண்களை உடைமையின் டொரிக் மாளிகை எனப்பட்டது. மக்கள் அதனை அல்லிராணிக் கோட்டை என்றே அழைத்தனர். தம் தொன்மக் கதையில் வந்த பெண்ணரசிக்கு ஆளுநரின் மாளிகையை எழுதிக்கொடுத்துவிட்ட மக்களின் துணிவு மெச்சத்தக்கது. கடற்கரை மேட்டின் விளிம்பில் நின்ற அக்கட்டடத்தின் அடிமண்ணைக் கடலலை அறுத்து அறுத்து, சுவர்கள் பகுதி பகுதியாக வீழ்ந்து, இன்று இடிபாடே எஞ்சியுள்ளது. அரிப்பு என்னும் ஊர்ப்பெயரின் மூலம் முத்தை அரித்தெடுத்தலோ கடல் நிலத்தை அரித்தலோ என்ற ஆராய்ச்சிக்குள் நாம் புகவில்லை. இரண்டும் அங்கே நிகழ்ந்தன.

மன்னார்த் தீவின் மணற்றிட்டிகளுக்கு மேற்கூறிய பக்க விளைவு பெரும்பாலும் பொருந்தாது. பிணைவற்ற மணல் ஆழமாகச் சறுக்காது. மேற்பரப்பிற் படையாக வழியும். அத்தகைய வழிவில் பக்க முகங்களின் பங்கு அற்பமானது. மணல் தன் இயல்பான சாய்வுக் கோணத்தில் நிற்கும். அடியில் அகழ்ந்தால் அக்கோணத்தை மீள அடையும்வரை சரியும். இல்மனைற்று முதலிய கனியங்களுக்காகத் தீவின் மணலை அகழும் திட்டங்கள் பற்றி மன்னார் மக்கள் அண்மைக் காலத்தில் எழுப்பிவரும் எதிர்ப்பை நோக்குமிடத்து இவ்வெளிய உண்மையையும் நினைவிற் கொள்ளுதல் தகும்.

கட்டுக்கரைக்கு மீள்வோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் கட்டைக் கண்டு, நம் முன்னோர் முப்பரிமாணக் கணிப்பை அறிந்திருந்தனர் என முழங்குவோர் இருக்கக்கூடும். அது வரலாறன்று. பண்டையோரிடம் கணிதம் இருந்ததற்கன்றி, திரண்ட உழைப்பும் தலைமுறை அநுபவமும் இருந்தமைக்கே குளங்கள் சான்று. தாழ்ந்த உயரம், அகன்ற அடி, மெல்லிய சாய்வு, அலை மோதும் முகத்திற் கற்பதித்தல் ஆகியவை முறிவுகளிலிருந்து கற்ற பாடங்கள். நிற்கும் கட்டுகளை மட்டும் எண்ணி வியப்பதும் ஒருவகைப் பிழையே. முறிந்து காடாகிப்போன குளங்கள் வன்னியெங்கும் கிடக்கின்றன. அவற்றையும் சேர்த்து எண்ணினாற்றான் பண்டையோர் தொழிலின் உண்மையான அளவு தெரியவரும்.

கட்டை நிலைக்கச் செய்தது அதன் வடிவத்தைவிட அதனைப் பார்த்துக்கொண்ட ஏற்பாடே எனலாம். சோழர் காலத் தமிழகத்தில், முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. இலங்கையில் இவ்வுழைப்பு இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தோடு பின்னியிருந்தது. 1832இல் பிரித்தானியர் இராசகாரியத்தை ஒழித்தனர். கட்டாயம் நீங்கியது நன்றே. அதனை நாம் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அதன் இடத்தில் வேறு எந்த ஏற்பாடும் வைக்கப்படவில்லை. வெடிப்பை மூடவும், கட்டில் முளைத்த மரத்தைப் பிடுங்கவும், எலிவளையையும் புற்றையும் அடைக்கவும் கடப்பாடுடையோர் இல்லாது போயினர். 1856ஆம் ஆண்டின் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் வழக்காறுகளை ஓரளவு மீட்டது. வட்டவிதானை என்னும் பதவி தமிழ்ப் பகுதிகளில் நெடுங்காலம் இக்கடமையோடு தொடர்புற்றிருந்தது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் அமைந்தபின், பெருங்குளங்களின் பொறுப்பு படிப்படியாக அலுவலகத்தைச் சென்றடைந்தது. கட்டின்மேல் நடந்து பார்த்தவரிடமிருந்து, கட்டின் குறுக்குமுகத்தை வரைந்து பார்ப்பவரிடம் பொறுப்பு மாறியது. மூன்றாம் பரிமாணம் காணாமற்போனது கணிதத்தில் மட்டுமன்று.

போர்க்காலம் இதனை மேலும் மோசமாக்கியது. 1990இல் முசலிப் பகுதியின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். தமிழ்க் கிராமங்களும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2007, 2008ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பெருநிலமே போர்க்களமாயிற்று. ஆளில்லாத ஊரில் கட்டைப் பார்ப்பார் யார்? வேர் ஊன்றிய மரம் பட்டுப்போனபின் அதன் வேர் உக்கி விடும் துளை, கட்டின் குறுக்கே நீருக்கு அமைத்துக்கொடுத்த குழாயாகும். மீள்குடியேறியவர்கள் பெற்றுக்கொண்டது இத்தகைய கட்டுகளையே.

சாய்வின் கீழ் வாழ்வோர் யார் என்ற வினா மலைநாட்டிலும் எழுகிறது. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன் வீடுகளை மூடியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையில் மலைச்சாரல்கள் பலவிடத்தும் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டபோதும், கணிப்பு முறையின் நுட்பத்தைவிட, எச்சரிக்கை கிடைத்தவர்க்குப் போவதற்கு நிலம் இருந்ததா என்பதே தீர்மானிக்கும் காரணியாயிருந்தது. இது வேறொரு கட்டுரைக்குரிய பொருள். எனினும் மண்ணியலை மக்களிடமிருந்து பிரித்து எழுத இயலாமை கருதி ஈண்டுக் குறித்தோம்.

மன்னார்க் குளங்களைப் பொறுத்தவரை செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. ஒவ்வொரு கட்டின் முழு நீளத்தையும் ஒரே படத்தில் வரைந்து, துருசு, வான், வளைவு, மண்மாற்றம், கோடையில் வெடிக்கும் இடம், மாரியில் வெளிப்புறம் நனையும் இடம், முன்னர் அடைத்த முறிவு ஆகியவற்றை அதிற் குறிக்கவேண்டும். எந்த 20 மீற்றரை முப்பரிமாணத்தில் ஆராய்வது என்பதை அப்படமே காட்டும். 7 கிலோமீற்றரையும் கணனியில் ஏற்றவேண்டிய தேவையிராது. இப்படத்துக்கான தரவுகளிற் பெரும்பகுதி எந்த அலுவலகக் கோப்பிலும் கிடைக்காது. கட்டுக்கரையின்கீழ் வயல் செய்வோரிடமும் அகத்திமுறிப்புக்குத் திரும்பிவந்த முதியோரிடமும் அவை உள. எந்த இடம் முறிந்தது, எந்த ஆண்டு அடைத்தோம், எங்கிருந்து மண் வந்தது என்பன போன்ற செய்திகளை அவர்களோடு கட்டின்மேல் நடந்து, இடத்திலேயே நின்று கேட்டுப் பதியவேண்டும். ஊர்ப்பெயர் ஆய்வாளரும் மண்ணியலாளரும் ஒரே நாளில், கோடை முதிர்ந்து வெடிப்புகள் வாய்திறந்திருக்கும் ஆவணி மாதத்தில், அங்கே சென்றால் நன்று.